பெரிய ஃப்ரேமில் சின்னப் படம்

என் பிறந்த வீட்டுக் கூடத்தில், நிலைப்படி தாண்டியதும் எதிரே தெரிவது அப்பாவின் படம். 16-க்கு 20 இஞ்ச். கறுப்பு வெள்ளை. 1989-ல் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தபோது, ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. 1998-ல் அப்பா போனதும் அந்த நெகடிவை வைத்துத்தான் பெரிதாக்கி மாட்டினோம். சட்டைப் பையில் செருகிய பேனாவின் கிளிப் கூடப் பளிச்சென்று தெரியும்.

2024 ஆவணியில் அம்மாவும் போய்விட்டாள்.

"அப்பா பக்கத்துல அம்மாவை மாட்டணும். அதே சைஸ். ஒரு இஞ்ச் குறையக் கூடாது" என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டான். அதில் அண்ணனுக்கு இருந்தது வெறும் ஆசை இல்லை. ஒரு குற்ற உணர்ச்சி. அப்பாவுக்குப் பிறகு 26 வருஷம் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் அம்மா. எதிலுமே தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டவள். சுவரிலாவது சரிசமமாக இருக்கட்டுமே!

சரி, படம் எங்கே?

அப்போதுதான் அந்த உண்மை எங்களுக்கு உறைத்தது. அம்மாவுக்கென்று ஒரு தனிப் படம் கிடையாது! ஆதார் அட்டையில் இருப்பதை யாரும் படம் என்று சொல்ல மாட்டார்கள். எந்த விசேஷத்தில் காமிராவைத் தூக்கினாலும், "முகமெல்லாம் எண்ணெய் வழியுது, அப்புறம் பார்த்துக்கலாம். கொழந்தைங்களை எடு" என்று அடுக்களைக்குள் நழுவிவிடுவாள். கல்யாண ஆல்பங்களில் தேடினால் பாதி முகம், முதுகு, பரிமாறும் கை... இவ்வளவுதான் அம்மா.

கடைசியில் அகப்பட்டது ஒரே ஒரு படம். 2017-ல் அண்ணன் வீட்டுக் கிரகப் பிரவேசத்தில், அண்ணன் மகன் செல்போனில் எடுத்த குரூப் போட்டோ. பதினான்கு பேர். இடது பக்கத்திலிருந்து இரண்டாவதாக அம்மா. பேத்தி ஏதோ குறும்பு செய்ததைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி, அவ்வளவு இயல்பாக. குடும்ப குரூப்பில் யாரோ எப்போதோ பகிர்ந்தது எல்லார் போனிலும் கிடந்தது.

அதிலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி, பெரிது பண்ணக் கொடுத்தான் அண்ணன். "கொஞ்சம் மங்கலா வரும் சார், பரவாயில்லையா?" என்று அந்தக் கடைப் பையன் கேட்டானாம். இருந்த மனநிலையில் அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு. துணியை விலக்கினார்கள். தேக்கு நிறச் சட்டம், சுற்றிலும் ரோஜா மாலை, அருகே குத்துவிளக்கு. நடுவில்... ஏதோ மஞ்சளும் பழுப்புமாக, ஈரக் கையால் துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டு. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்.

சித்திக்கு அறுபத்தொன்பது வயசு. அம்மாவின் ஒரே தங்கை. கண்புரை ஆபரேஷன் ஆகி நன்றாகவே பார்வை தெரிகிறவள். படத்தின் அருகில் போனாள். இன்னும் அருகில் போனாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "அக்காவைக் காணோமேடி?" என்றாள்.

கூடமே மௌனமாகிவிட்டது. அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பியும் எனக்கு அதே ஞாபகம். வேலை எல்லாம் முடிந்த பிறகு செல்போனில் அந்த குரூப் படத்தை எடுத்துப் பார்ப்பேன். அதில் அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள்? இதே படம் சுவரில் ஏன் இப்படி ஆயிற்று?

என் பையன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவனிடம் கேட்டேன். "பிக்ஸல் பத்தலைம்மா" என்றான் ஒரே வார்த்தையில். பத்தாங்கிளாஸும் ப்ளஸ் டூவும் படித்த எனக்கு அது போதுமா? "புரியற மாதிரி சொல்லுடா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "நீ மார்கழியில புள்ளிக் கோலம் போடறியே, அதுதாம்மா" என்றான்.

பாருங்களேன், விஷயம் எவ்வளவு சுலபம்! செல்போனில் இருக்கும் படம் என்பது வரிசை வரிசையாக வைத்த நிறப் புள்ளிகள்தானாம். ஒரு படத்தில் எத்தனை புள்ளி என்பது எடுத்த அன்றைக்கே முடிவாகிவிடும். 15 புள்ளிக் கோலத்தைப் பூஜை அறையில் ஒரு மனைப்பலகை அளவுக்குப் போட்டால் நெருக்கமாக, கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதே 15 புள்ளியைத் தெரு அடைத்துப் போடச் சொன்னால்? புள்ளிக்குப் புள்ளி ஒரு முழம் தள்ளிப் போகும். கோலம் பெரிதாகும். ஆனால் புதிதாக ஒரு புள்ளி கூட வராது.

"நடுவுல காலியா விட்டா அசிங்கமா இருக்கும்னு கம்ப்யூட்டர் என்ன பண்ணும் தெரியுமா? பக்கத்துப் புள்ளிகளோட கலரைக் கலந்து இழுத்துவிட்டு இடைவெளியை ரொப்பிடும். அதான் பாட்டி முகம் தேய்ச்சுவிட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றான்.

இருவருமாகக் கணக்குப் போட்டோம். எங்கள் போனில் கிடந்த படம் அகலத்தில் 1280, உயரத்தில் 960 புள்ளி. இதில் பதினான்கு பேர்! அம்மாவின் தலையும் தோளுமாக வெட்டினால் கிடைப்பது அகலத்தில் 240, உயரத்தில் 300 புள்ளிதான். அதை 16 இஞ்ச் அகலத்துக்கு இழுத்தால் ஓர் இஞ்சுக்கு வெறும் 15 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரு கடுகு பருமன். கடுகால் கண்ணையும் மூக்கையும் வரைந்தால் முகம் எப்படித் தெரியும்?

கையில் வைத்துப் பார்க்கிற போட்டோ பளிச்சென்று இருக்க ஓர் இஞ்சுக்கு 300 புள்ளி வேண்டுமாம். அப்போது ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன்தான். ஓரடி தூரத்தில் நம் கண் அதற்கு மேல் பிரித்துப் பார்க்காது.

"அப்போ உங்க தாத்தா படம் மட்டும் எப்படிடா அவ்வளவு பெரிசா வந்தது?" என்று மடக்கினேன்.

"தாத்தா தனியா உட்கார்ந்து எடுத்துக்கிட்டார் இல்லையா? நெகடிவ் முழுக்க அவர் ஒருத்தர்தான். அந்தக் காலத்து ஸ்டூடியோ நெகடிவ் அகலமா வேற இருக்கும். பாட்டி பதினாலு பேர்ல ஒருத்தி" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

முதல் வருஷத் திதிக்குள் நல்லதாக ஒரு படம் செய்துவிடுவது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. 2020-ல் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் என்று ஆனபோது வாங்கியது. நான்கு பாட்டிலில் மை ஊற்றி வைக்கிற மாதிரி. கேள்வித்தாள், ஸ்லோகம், ரயில் டிக்கெட் தவிர வேறொன்றும் அதில் அச்சடித்ததில்லை.

"டப்பாவுல 4800-னு போட்டிருக்கு பார். இஞ்சுக்கு 4800 புள்ளி வைக்கிற மிஷின்ல எப்படி மங்கலா வரும்?" என்று இவர் ஒரு போடு போட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் புள்ளி வேறு, இந்தப் புள்ளி வேறு! 4800 என்பது மைத்துளியை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும் என்ற கணக்கு. பிரிண்டரிடம் இருப்பது நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு என்று நாலே நாலு மை. அம்மாவின் மாநிறக் கன்னத்தில் ஒரே ஒரு படப் புள்ளியைக் கொண்டுவர இந்த நாலையும் துளித்துளியாகப் பல தடவை கலந்து தெளிக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை நெருக்கம். படத்தில் இல்லாத மூக்குத்தியைப் பிரிண்டர் கொண்டுவராது. மாவு ஒரு கரண்டிதான் என்றால், கல் எவ்வளவு பெரியதாக இருந்து என்ன? இழுத்தால் தோசை கிழியும்!

முதல் தடவை சாதாரண வெள்ளைத் தாளில் அச்சடித்துப் பார்த்தேன். மை ஊறிப் பரவி, ஓரமெல்லாம் கம்பளி மாதிரி ஆயிற்று. தாளின் நார் மையை உறிஞ்சிப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. போட்டோ தாளில் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. துளி விழுந்த இடத்திலேயே நிற்கும். அதனால் போட்டோ தாள் வாங்கி வந்தேன். அவசரத்தில் பூச்சு இல்லாத பின்பக்கத்தில் அச்சடித்து ஒரு தாளைப் பாழாக்கினேன். இன்னொன்றைச் சரியாக வைத்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் 'போட்டோ பேப்பர்' என்று மாற்ற மறந்துபோனேன். அதுவும் வீண். மூன்றாவதில் குறுக்கே குறுக்கே வெள்ளைக் கோடு! கோடை விடுமுறை முழுவதும் பிரிண்டரைத் தொடவே இல்லை, மை வரும் துளைகள் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. அதைச் சுத்தம் செய்ய அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. இரண்டு தடவை செய்ததும் கோடு போயிற்று. மூன்று தாள் போனது போனதுதான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்டரைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக இருமினார், அவ்வளவே.

நாலாவது தாளில் எல்லாம் சரி. தாள் சரி, மை சரி, கோடு இல்லை. அப்படியும் 8-க்கு 10 இஞ்ச் அளவில் அம்மா மங்கலாகத்தான் இருந்தாள். அங்கே புள்ளி இஞ்சுக்கு 30-தானே! அப்போதுதான் மனசார ஒப்புக்கொண்டேன். குறை பிரிண்டரில் இல்லை, கடையிலும் இல்லை. நாங்கள் கொடுத்த படத்தில் அவ்வளவு அம்மாதான் இருந்தாள்.

என் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆப் இருக்கும்மா. பழைய படத்தை எல்லாம் பளிச்சுனு ஆக்கிடும்" என்று போனில் ஏதோ தட்டினாள். அடேயப்பா! ஒரு நிமிஷம்தான். அந்த 240 புள்ளி முகம் கண்ணாடி மாதிரி துலங்கியது. இமை இமையாக எண்ணலாம். பற்கள் வரிசையாக முத்துப் போல. கன்னம் வழவழவென்று.

மூன்று பேரும் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

அது அம்மா இல்லை. அம்மாவுக்குக் கீழ்ப்பல் ஒன்று இல்லை. இடது புருவம் சற்றே மேலே ஏறியிருக்கும். சின்ன வயசில் நெற்றியில் அடுப்புக் கொள்ளி பட்ட தழும்பு இருக்கும். இதில் எதுவுமே இல்லாத யாரோ ஒரு நல்ல பெண்மணி, அம்மாவின் புடைவையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்குத் தெரிஞ்ச முகங்களை வெச்சு இப்படித்தான் இருக்கும்னு தானா போட்டுக்குதும்மா" என்றான் பையன். என் பெண் ஒன்றும் சொல்லாமல் அதை அழித்துவிட்டாள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, என் அம்மாவை எனக்குத் தெரியும். இந்தப் பளிச்சென்ற அம்மாளை நான் எங்கே போய் மாட்டுவது?

அன்று ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. சட்டென்று ஒன்று தோன்றியது. போனுக்குப் போன் அனுப்பும்போது படம் சிறுத்துவிடும், சீக்கிரம் போய்ச் சேருவதற்காகப் புள்ளிகளைக் குறைத்துத்தான் அனுப்பும் என்று பையன் சொன்னானே, அப்படியானால் எடுத்த போனில் இருப்பது?

காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "அந்தப் போன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு அத்தை. பீரோவுல எங்கேயாவது கிடக்கும்" என்றான். அண்ணிதான் பொறுமையாகத் தேடி எடுத்தார். பழைய சார்ஜர், கைக்கடிகார வார், செல்லாத சாவிகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்ததாம். போன் உயிர் பெறவில்லை. ஆனால் அதற்குள் ஒரு மெமரி கார்டு, சுண்டுவிரல் நக அளவு. அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால்... 2017 கிரகப் பிரவேசம் முழுக்க அப்படியே இருந்தது!

அசல் படம் 4160-க்கு 3120 புள்ளி. எங்களிடம் இருந்ததைப் போல மூன்றேகால் மடங்கு. படத்தைச் சுருக்காமல் அப்படியே கோப்பாக அனுப்பச் சொன்னேன். அதில் அம்மாவை வெட்டி எடுத்தால் அகலம் 780, உயரம் 975.

பையன் கணக்குப் போட்டான். இஞ்சுக்கு 300 வேண்டுமென்றால் 2.6 இஞ்ச் அகலம்தான் வரும், கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. இஞ்சுக்கு 150 போதும் என்றால் 5.2-க்கு 6.5 இஞ்ச். 8-க்கு 10 போட்டால் இஞ்சுக்கு 97 சொச்சம். அண்ணன் கேட்கிற 16-க்கு 20 என்றால் 49-க்குக் கீழே போய்விடும்.

"சுவரில் மாட்டறதை யாரும் கையில வெச்சுப் பார்க்கப் போறதில்லையே? அப்புறம் 300 எதுக்கு?" என்று கேட்டேன். "கரெக்ட்டும்மா!" என்று குதித்தான். தூரம் கூடக் கூடக் கண்ணுக்கு நுணுக்கம் தெரிவது குறையும். பஸ் ஸ்டாண்டு எதிரில் நகைக்கடை போர்டில் சினிமா நடிகை பளபளவென்று சிரிக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் பொட்டுப் பொட்டாகத்தான் இருக்கும். பார்க்கிற தூரம் இரண்டு மடங்கானால், வேண்டிய புள்ளி பாதியானால் போதும். ஓரடிக்கு 300. இரண்டடிக்கு 150. மூன்றடிக்கு 100.

காகிதக் கணக்கை நம்பாமல் மூன்று அளவிலும் அச்சடித்துக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். நான் எதிர்ச் சுவரில் போய் நின்றேன். பத்தடி இருக்கும். 8-க்கு 10 தான் எடுப்பாக இருந்தது. 5.2 இஞ்சும் தெளிவு. தீப்பெட்டிப் படத்தில் முகமே தெரியவில்லை. மெதுவாக முன்னால் நடந்தேன். மூன்றடி வரை 8-க்கு 10 தாக்குப்பிடித்தது. இன்னும் ஒரு எட்டு வைத்ததும் ஓரங்கள் இளக ஆரம்பித்துவிட்டன. 5.2 இஞ்ச் அப்போதும் அப்படியே நின்றது. இரண்டடியில் மூக்குத்தி தெரிந்தது. புருவத்தின் ஏற்றம் தெரிந்தது. நெற்றித் தழும்பு கூட ஒரு சின்ன நிழலாக...

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாசம் கழித்து அம்மா வந்து நின்ற மாதிரி இருந்தது.

எது வேண்டும் என்று யோசித்தேன். கூடத்தைக் கடந்து போகிறவர்களுக்கு 8-க்கு 10 போதும். ஆனால் அம்மா படத்துக்கு யார் பூ வைக்கப் போகிறார்கள்? விளக்கேற்றப் போவது யார்? அண்ணியும் நானும் சித்தியும்தான். நாங்கள் நிற்கப் போவது கை எட்டுகிற தூரத்தில். அங்கிருந்து பார்க்கும்போது அம்மா தெரிய வேண்டும். 5.2-க்கு 6.5 தான் என்று முடிவு செய்தேன்.

அண்ணனிடம் சொன்னதுதான் தாமதம், போனிலேயே வெடித்தான். "அப்பா அவ்வளவு பெரிசா இருக்கார். அம்மா பக்கத்துல ஒரு போஸ்ட் கார்டு மாதிரியா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? உயிரோட இருந்தப்பவும் அவளை ஒரு ஓரத்துலதான் நிறுத்தினோம். இப்பவும் அப்படியே பண்ணச் சொல்றியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. நான் சொல்வதும் தப்பு இல்லை. என்ன செய்வது?

வழியைக் காட்டியது ஒரு தஞ்சாவூர்ப் படம். ஃப்ரேம் விலை கேட்கக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன வெண்ணெய்க் கிருஷ்ணன். அதைச் சுற்றி அகல அகலமாகச் சட்டம் போட்டு, கடையிலேயே பெரிய படம் போல நடுநாயகமாக மாட்டியிருந்தார்கள். படம் சின்னதாக இருக்கலாம், இருப்பிடம் பெரிதாக இருக்கக் கூடாதா என்ன?

கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். "மவுண்ட் போடறதுன்னு சொல்வோம்மா. கெட்டி அட்டையில நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டி, பின்னால படத்தை வெச்சுருவோம்" என்றார். 16-க்கு 20 ஃப்ரேம். அப்பாவுக்கு இருக்கிற அதே தேக்கு நிறம். உள்ளே சந்தன நிறத்தில் அகலமான அட்டை. அதன் நடுவே சின்ன ஜன்னலில் அம்மா. அட்டை போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டாம். படம் கண்ணாடியில் ஒட்டாது. இங்க்ஜெட் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கும்போது உரிந்தே போகுமாம். "அச்சடிச்ச அன்னைக்கே கொண்டு வராதீங்க. ஒரு நாள் நல்லா காயட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

2025 ஆவணியில் திதி. இந்தத் தடவை துணி மூடித் திறப்பதெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. காலையிலேயே அப்பா பக்கத்தில் மாட்டிவிட்டோம். சட்டத்துக்குச் சட்டம் சமம். அண்ணன் வந்து பார்த்தான். தள்ளி நின்று ஒரு தடவை. கிட்டே போய் ஒரு தடவை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூக்குத்தி தெரியறதுடி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சித்தி பூ வைக்கப் போனாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். "இந்த மூக்குத்தி வாங்கினப்ப நான்தாண்டி கூடப் போனேன். சின்னதா இருக்கேன்னேன். எனக்கு இதுவே போதும்டின்னா" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்குத் தடுமாறாமல் இருக்க, நான் தாளும் மையும் வீணாக்கிக் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்:

* படத்தைப் பெரிது செய்யும் முன், வேண்டிய பகுதியில் எத்தனை புள்ளி என்று பார்த்து, அதை அச்சு அகலத்தின் இஞ்சால் வகுத்துப் பாருங்கள். ஆல்பத்துக்கு 300 இருக்க வேண்டும். கிட்டே நின்று பார்க்கும் படத்துக்கு 150. கூடத்தில் தள்ளி மாட்டுவதற்கு 100. அதற்கு மிகவும் கீழே என்றால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

* 4-க்கு 6 போட்டோ பளிச்சென்று வர 1200-க்கு 1800 புள்ளி போதும். 8-க்கு 10 என்றால் 2400-க்கு 3000.

* பகிரப்பட்டு வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். எடுத்தவரிடம் அசலைக் கேட்டு, கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

* பெரிய அளவில் போடும் முன் இரண்டு மூன்று சின்ன அளவில் அச்சடித்து, மாட்டப் போகும் சுவரில் ஒட்டி, நிற்கப் போகும் இடத்திலிருந்து பாருங்கள்.

* போட்டோ தாளின் பூச்சுள்ள பக்கம் எது என்று பார்த்து வையுங்கள். கம்ப்யூட்டரிலும் தாளின் வகையை மாற்ற வேண்டும். பிரிண்டரை வாரம் ஒரு முறையாவது ஓட்டினால் மை அடைக்காது.

* சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடி மேல் மட்டும் வையுங்கள். ஈரம் உள்ளே இறங்கினால் மை கரைந்துவிடும். வெயில் படும் சுவரும் வேண்டாம், நிறம் வெளுக்கும்.

இதை எல்லாம் விட முக்கியமாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவை, மாமியாரை ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கிட்டே போய், முகம் நிறைய ஒரு படம் எடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். எடுத்த படத்தை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியே போனைப் பிள்ளை கையில் கொடுத்து, நீங்களும் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்காருங்கள். நான் உட்கார்ந்தேன். முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டுதான் இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.